மூன்று ஊர்க்காரி

யாராவது தன் ஊர் இதுதான் என்று சொன்னால் நான் உடனே நம்புவதில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வேன். இரண்டு மூன்று நாள் போனபிறகு அதே கேள்வியை வேறு பக்கத்தால் கேட்பேன். அங்கே கிணற்றுத் தண்ணீர் நன்னீரா உவரா, பள்ளிக்கூடம் போவதென்றால் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், மாரியில் எந்த ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும். பதில்கள் பொருந்தினால் ஆளை மனத்துக்குள் விடுவேன். பொருந்தாவிட்டால் வாசலோடு சரி. இது நல்ல குணம் இல்லை என்று எனக்கே தெரியும். என் கணவர் இதற்கு வைத்திருக்கும் பெயர் சிஐடி வேலை. இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாகத் தாதியாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களைப் பழக்குவதும் இப்போது என் பொறுப்பு. வெளிநாட்டில் தாதிப் படிப்பு முடித்தவர்கள் இங்கே வந்தால், அந்தப் படிப்பை இந்த நாடு ஏற்றுக்கொள்வதற்கு முன் சில மாதம் என்னைப் போன்ற ஒருத்தியின் கண்ணுக்கு முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும். முடிவில் நான் அறிக்கை எழுதிக் கையெழுத்து வைப்பேன். அது போனால்தான் அன்எர்கென்னுங் என்கிற அங்கீகாரம் வரும். அங்கீகாரம் வந்தால் விசா நீளும். வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பெருவிலிருந்து வந்த அந்தப் பெண் அப்படித்தான் என் கைக்குக் கீழே வந்தாள். இருபத்தெட்டு வயது, குள்ளமான உருவம், அகலமான கன்னம், கட்டையாக வெட்டிய கறுப்புத் தலைமயிர். வந்த முதல் வாரமே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. என் முதல் சந்தேகமே அதுதான். ஆறாம் அறையில் ஒரு கிழவர் இருக்கிறார், முன்னாள் லொறிச் சாரதி. சவரம் செய்ய யாரையும் கிட்ட விடமாட்டார். என்னையே இரண்டு தடவை கையில் அடித்திருக்கிறார். இவள் போன மூன்றாம் நாள் மனுசன் நாடியை உயர்த்திக் கொடுத்துக்கொண்டு பூனை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். இவ்வளவு கெதியில் ஒருவரை மயக்கத் தெரிந்தவளுக்கு வேறு என்னென்ன தெரியும் என்று நினைத்தேன்.

சமையலறையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அக்கா என்றே கூப்பிட்டாள். மற்றப்படி எங்கள் பேச்செல்லாம் டொச்சில், ஜெர்மன் மொழியில்தான். இப்போது எழுதும்போது அது எனக்கு என் வாய்த்தமிழிலேயே வருகிறது. அப்படியே விடுகிறேன்.

ஒக்டோபரில் ஒருநாள் காலை வேலை முடிந்து இரண்டு பேரும் பஸ் தரிப்பில் நின்றோம். நல்ல மழை. அவள் தலை நனைய நின்றாள்.

"என்ன பிள்ளை, குடை இல்லையோ?"

"வாங்கிப் பழக்கமில்லை அக்கா. எங்கட ஊரில ஒருத்தரிட்டயும் குடை இராது. மழையே பெய்யாது. மாதக்கணக்கா வானம் சாம்பலாக் கிடக்கும், கொடியில போட்ட உடுப்பு காயாது, ஆனா ஒரு துளி விழாது. வீட்டுக் கூரை எல்லாம் தட்டை. கூரைத் தண்ணி இறங்கிற பீலி எண்டா என்னெண்டே இஞ்ச வந்துதான் பாத்தனான்."

"கடற்கரையோ உம்மட இடம்?"

"ஓம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் பாலைவனம். ரெண்டும் ஒட்டிக்கொண்டு நிக்கும்."

குடைக்குள் இழுத்துக்கொண்டேன். கடற்கரை, மழை இல்லை என்று மனதில் குறித்தும் கொண்டேன்.

டிசம்பரில் முதல் உறைபனி விழுந்த காலை. இல்லத்துத் தோட்டத்துப் புல்லெல்லாம் வெள்ளை. நாங்கள் எல்லாரும் கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு கதவை நோக்கி ஓட, அவள் மட்டும் கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து புல்லைத் தொட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்படித்தான் அக்கா எங்கட ஊர். ஜூன் மாசம் வந்தா சின்னச் சின்ன உருளைக்கிழங்கை வெட்டையில பரப்பி விடுவம். இரவில உறைஞ்சு போகும். வெயில் ஏறினவுடன குடும்பமா சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறி மிதிப்பம். தண்ணி எல்லாம் வெளியேறும். திரும்பவும் பரப்புவம், திரும்பவும் மிதிப்பம். கடைசியில காய்ஞ்சு கல்லு மாதிரி வரும். வருசக்கணக்கா வைச்சுச் சாப்பிடலாம்."

நான் நூல் விட்டுப் பார்த்தேன். "அப்ப அங்க மழை பிரச்சினை இல்லையாக்கும்?"

"ஐயோ, ஜனவரியில மழை பிடிச்சா மலை சரிஞ்சு பாதையை மூடிப்போடும். ரெண்டு கிழமைக்கு ஒருத்தரும் போகவும் ஏலாது, வரவும் ஏலாது."

கடற்கரையில் மலை எப்படி வந்தது? மழையே இல்லாத ஊரின் பாதையை மழை எப்படி மூடியது? நான் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு, எழுதாதது நடக்காதது. யாருக்கு எத்தனை மணிக்கு மருந்து கொடுத்தோம், யார் எவ்வளவு தண்ணீர் குடித்தார் எல்லாவற்றையும் எழுதிவிடுவோம். என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். அதன் கடைசிப் பக்கத்தில் அன்று இரண்டு வரி எழுதினேன். மழை இல்லை. மழை வந்து பாதை மூடும்.

மூன்றாவது வரி பெப்ரவரியில் சேர்ந்தது. ஆறாம் அறைக் கிழவர் ஹீற்றரை முழுதாகத் திறந்துவிட்டு, யன்னலையும் திறக்கவிடாமல் இருந்தார். அந்த வெக்கையில் எனக்கு மயக்கம் வரும்போல இருந்தது. அவளுக்கு ஒரு துளி வியர்வைகூட இல்லை.

"எங்கட ஊரில இதைவிட மோசம் அக்கா. றோட்டே இல்லை. எல்லாம் ஆறுதான். தடுப்பூசிப் பெட்டியை மடியில வைச்சுக்கொண்டு படகில போவன். தகரக் கூரை. மழை துவங்கினா பிள்ளையளின்ர நெஞ்சுச் சத்தம் கருவியில கேளாது. மழை ஓயுமட்டும் பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு இருப்பன்."

கிழவருக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. இன்னும் சொல்லு என்றார். நான் போர்வை எடுக்கப் போவதுபோல வெளியே வந்து கொப்பியைத் திறந்தேன்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். நான் வந்த யாழ்ப்பாணத்தில் மலையும் கிடையாது, ஆறும் கிடையாது. தட்டையான தரை. மழை பெய்தால் எல்லா ஊருக்கும் பெய்யும், காய்ந்தால் எல்லா ஊரும் காயும். ஓர் ஆளுக்கு ஓர் ஊர், ஓர் ஊருக்கு ஒரு வானம், இதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. ஒரே வாயிலிருந்து பாலைவனமும் உறைபனியும் காடும் வந்தால், அதில் குறைந்தது இரண்டு பொய்யாக இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். ஊரிலேயே பொய் சொல்கிறவள் படிப்பில் சொல்ல மாட்டாளா? அந்தப் படிப்புக்கு நான் அல்லவா கையெழுத்து வைக்கப்போகிறேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் நகர பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுவதும் கண்ணாடியில் சனத்தைப் பார்த்துப் பார்த்து யாரையும் பெரிதாகச் சந்தேகிக்காத மனுசன்.

"உமக்கு வேற வேலை இல்லையே? எங்கட சின்னத் தீவிலயே மன்னாரில உப்பு விளையுது, நுவரெலியாவில சனம் கம்பளி போடுது. அந்த நாடு எவ்வளவு பெரிசு!"

"நான் நுவரெலியா பாத்ததில்லை."

"நீர் பாக்காட்டி அது இல்லையெண்டு ஆகுமோ?"

"இருக்கட்டும். ஆனா ஒருத்தி மன்னாரிலயும் நுவரெலியாவிலயும் ஒரேயடியாப் பிறக்க ஏலாது."

"அப்ப அந்தப் பிள்ளையிட்டயே கேளுமன்."

நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் ஆட்கள் கலியாணம் பேசும்போது எப்படி விசாரிப்பார்கள் என்று தெரியும்தானே. பொம்பிளையின் ஊரைப் பற்றிப் பக்கத்து ஊர்க்காரனிடம் கேட்பார்கள், அவள் படிப்பைப் பற்றி அவளோடு படித்தவளின் மாமியிடம் கேட்பார்கள், எல்லாரிடமும் கேட்டு முடித்தாலும் பொம்பிளையிடம் மட்டும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். விசாரிக்கப்படும் ஆளிடமே விசாரிப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. நானும் அந்த வழியில்தான் போனேன்.

என் அக்காவின் மகன் ஆஹென் நகரத்தில் படிக்கிறான். அவனோடு ஒரே சமையலறையைப் பாவிக்கும் மாணவர்களில் ஒருவன் பெருக்காரன் என்று எப்போதோ சொன்ன ஞாபகம். போனை எடுத்தேன்.

"தம்பி, அந்தப் பெடியனிட்ட சும்மா கேட்கிற மாதிரி ஒண்டு கேள். அவன்ர ஊரில மழை பெய்யுமோ எண்டு. ஏன் எண்டு சொல்லிப்போடாத."

"ஏன் சின்னம்மா, பெருவுக்குப் போறியளோ?"

"கேட்டதைக் கேளடா."

அரை மணித்தியாலத்தில் பதில் வந்துவிட்டது. அந்தப் பெடியன் லீமாவில் பிறந்து லீமாவில் வளர்ந்தவன். விழுந்து விழுந்து சிரித்தானாம். மழையா, எங்கள் வீட்டில் குடையே இல்லை என்றானாம். காட்டுப் பக்கம் போயிருக்கிறாயா என்று அக்காவின் மகன் தானாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். இல்லை, அங்கே யார் போவார்கள் என்று பதில் வந்ததாம்.

எனக்கு அது போதுமாக இருந்தது. நுவரெலியா பார்க்காத ஒருத்தி, காடு பார்க்காத ஒருவனிடம் சாட்சி கேட்டிருக்கிறாள் என்பது அப்போது உறைக்கவில்லை.

மார்ச் மாத நடுவில் நான் தலைமைத் தாதியின் அறைக்குப் போனேன். நிதானமான ஜெர்மன் மனுசி. எதையும் இரண்டு தரம் யோசித்துத்தான் சொல்லுவார். அந்தப் பெண்ணின் வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் சொல்லும் கதைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அறிக்கை அனுப்பமுதல் பத்திரங்களை ஒருதரம் பார்ப்பது நல்லது என்றேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தையும் காட்டினேன். "ஒரே கேள்வியை வேறு வேறு பக்கத்தால் கேட்டுப் பாருங்கள்" என்று வழியும் சொல்லிக் கொடுத்தேன். என் பெயர் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

தலைமைத் தாதி அறிக்கையை நிறுத்தி வைத்தார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவளைச் சந்திக்க ஒரு டெர்மின், நேரம் குறித்தார். பழக்குகிறவள் என்ற முறையில் நானும் இருக்க வேண்டும் என்றார். அவளுடைய விசா அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அறிக்கை அதற்குமுன் போகாவிட்டால் அவள் ஊருக்குப் போக வேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், தலைமைத் தாதிக்கும் தெரியும், அவளுக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை அவள் நீல நிறக் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். சட்டை ஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. என்னைக் கண்டதும் அவள் முகத்தில் ஓர் ஆறுதல் வந்தது. எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள்.

"உங்கள் சொந்த இடம் எது?" என்று தலைமைத் தாதி தொடங்கினார்.

"பெரு."

"பெருவில் எந்த இடம்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "எந்தக் காலத்தைக் கேக்கிறீங்கள்?" என்றாள்.

"மழையே பெய்யாத கடற்கரை ஊர் என்று சொல்லியிருக்கிறீர்கள் அல்லவா?"

"ஓம். அது லீமா."

"குளிரில் கிழங்கு உறைய வைக்கும் மலை ஊர் என்றும்?"

"ஓம், அதுவும்."

"காட்டில் படகில் போனதாகவும்?"

"ஓம்."

"இந்த மூன்றில் உங்கள் ஊர் எது?"

அவளுடைய கழுத்து சிவந்தது. வாயைத் திறந்தாள், டொச் வரவில்லை. மெல்ல, "மூண்டும்" என்றாள். பிடிபட்டாள் என்று என் மனம் சொன்னது. அந்த நேரம் எனக்குள் ஒரு திருப்தி வந்தது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதிலேயே அர்த்தமில்லை.

அவள் மேசையில் கிடந்த தாள் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். போன கிழமைச் சாப்பாட்டுப் பட்டியல். அதன் வெள்ளைப் பக்கத்தில் இடது ஓரத்தில் அலை மாதிரி இரண்டு கோடு போட்டாள். கடல் என்றாள். அதை ஒட்டி ஒரு விரல் அகலத்தில் தட்டையான கோடு. பிறகு பேனை திடீரென்று மேலே ஏறியது. தாளின் உச்சிவரை ஏறி, அங்கே சில தரம் பல்லுப் பல்லாக ஏறி இறங்கி, மறுபக்கத்தால் சரிந்து வலது விளிம்புவரை நீண்டு போனது. நீல மைதான், ஆனால் அந்த வலப்பக்கத்தைக் காட்டி, "இது முழுக்கப் பச்சை" என்றாள். நாட்டை ஒரு பாண் ரொட்டியைப்போலக் குறுக்காக வெட்டிப் பக்கவாட்டில் காட்டியிருந்தாள்.

"நான் பிறந்தது இஞ்ச" என்று உச்சிக்குச் சற்றுக் கீழே புள்ளி வைத்தாள். "அம்மாவுக்கு மூண்டு உயரத்தில காணி. ஆக மேல உருளைக்கிழங்கு. நடுவில சோளம். கீழ வெக்கைப் பள்ளத்தாக்கில தோடம்பழம். ஒவ்வொரு மாசமும் எங்க வேலையோ அங்க இருப்பம். மேல இருந்து கீழ போக ஒண்டரை நாள் நடை. இறங்க இறங்க ஒவ்வொரு கம்பளியாக் கழட்டுவம். போய்ச் சேரேக்க ஒரு சட்டையோட நிப்பம்."

பேனை இடப்பக்கம் போனது. "பன்னிரண்டு வயசில படிக்கிறதுக்கு லீமாவில மாமி வீட்டுக்கு அனுப்பினவை. பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் அங்கதான். படிச்சு முடிய, ஆள் போகாத இடத்தில ஒரு வருசம் வேலை செய்யவேணும். சீட்டுக் குலுக்குவினம். எனக்குக் காடு விழுந்தது." வலப்பக்கத்தில் மூன்றாவது புள்ளியை வைத்தாள்.

தலைமைத் தாதி கோப்பைத் திறந்து ஒவ்வொரு பத்திரத்தையும் அந்தப் படத்தின் புள்ளிகளோடு வைத்துப் பார்த்தார். பிறந்த அத்தாட்சி, பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், அந்த ஒரு வருடத்துச் சேவைக் கடிதம். எல்லாம் அப்படியே பொருந்தின.

"பிறகு ஏன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொன்னீர்கள்?" என்று கேட்டார். இப்போது அது விசாரணை இல்லை, அறிய வேண்டும் என்ற ஆசை.

"கேக்கிற நேரம் எது ஞாபகம் வருதோ அதைச் சொல்லுவன். மழையில நனைஞ்சுகொண்டு நிக்கேக்க மழை இல்லாத ஊர்தானே ஞாபகம் வரும்."

தலைமைத் தாதி மன்னிப்புக் கேட்டார். அறிக்கை நாளைக்கே போகும் என்றார். நான் என் மடியில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஜெர்மனிக்கு வரும்போது எனக்கும் பன்னிரண்டு வயதுதான். பிறந்தது யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில். சண்டை துரத்தத் துரத்த அங்கிருந்து யாழ்ப்பாண நகரம், பிறகு சாவகச்சேரி, பிறகு கிளிநொச்சி, பிறகு வவுனியா, கடைசியில் கொழும்பில் ஒரு லொட்ஜ். ஆறு இடம். ஓரிடத்தில் வருடக்கணக்கு, ஓரிடத்தில் கிழமைக்கணக்கு. இங்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள், ஆறு ஊர் சொன்னால் திகதி பிழைக்கும், திகதி பிழைத்தால் பொய் என்று எழுதுவார்கள் என்று. அப்பா சாவகச்சேரியைத் தெரிவு செய்தார். நாங்கள் அங்கே இருந்தது ஐந்து மாதம்.

அதன்பிறகு அகதி முகாமில் தினமும் காலைச் சாப்பாட்டு மேசையில் பரீட்சை.

"எந்த ஊர்?"

"சாவகச்சேரி."

"அதுக்கு முந்தி?"

"எப்பவும் சாவகச்சேரிதான்."

பாணைக் கடிப்பதற்கு முதல் இதைச் சொல்லிவிட வேண்டும். தீவின் பெயர் தப்பித்தவறி வாயில் வந்தால் அப்பா மேசையில் தட்டுவார். விசாரணை நாளில், எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி என்னிடம் மூன்று தரம், மூன்று பக்கத்தால் கேட்டார். நான் மூன்று தரமும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் ஒரே பதிலைச் சொன்னேன். எங்களுக்கு விசா கிடைத்தது. பிறந்த ஊரின் பெயரை அதற்குப் பிறகு எங்குமே நான் சொன்னதில்லை. என் பிள்ளைகளுக்கும் அம்மாவின் ஊர் சாவகச்சேரிதான்.

பாடமாக்கியவள் நான் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. உள்ளதைச் சொன்ன அவளுக்குத்தான் நாளுக்கொரு ஊர் வந்தது. வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும். எனக்கு வந்த வெட்கத்துக்கு அந்த அறையை விட்டு எழும்பி ஓடலாம் போல இருந்தது.

வெளியே வந்ததும் அவள் என்னை நிறுத்தினாள். கோப்பு இன்னும் நெஞ்சோடுதான் இருந்தது.

"அக்கா, அந்தக் கிழங்குக் கதையை நான் உங்களுக்கு மட்டும்தான் சொன்னனான்."

என் கை சட்டைப்பையில் இருந்த கொப்பிக்குப் போனது.

"நீங்களோ அவவிட்டச் சொன்னனீங்கள்?"

"இல்லை" என்றேன்.

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தது. முகம் மாறவில்லை, கண் தாழவில்லை. அதோடு நிற்காமல், "தோட்டத்தில நிண்டு கதைக்கேக்க ஆருக்கும் காதில விழுந்திருக்கும்" என்று ஒரு வாலையும் ஒட்டினேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஓம், இருக்கும்" என்றாள்.

அன்று பின்னேரமே அறிக்கையை எழுதினேன். இத்தனை வருடத்தில் நான் யாருக்கும் எழுதாத அளவுக்கு நல்ல அறிக்கை. ஆறாம் அறைக் கிழவரின் சவரத்தைக்கூட எழுதினேன். அவளுக்கு அங்கீகாரம் வந்தது, விசா நீண்டது, எங்கள் பகுதியிலேயே நிரந்தரமாகச் சேர்ந்தாள். பத்திரத்தில் பார்த்தால் நான் அவளுக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

கோடையில் எங்கள் பகுதிக்குப் புதிதாக ஒரு அம்மா வந்தார். பொல்லாத வெக்கை. யன்னல் திரைகளை எல்லாம் இழுத்துவிட்டும் தாங்க முடியவில்லை. அவள் அவருக்கு ஈரத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருக்க, அந்த அம்மா, "நீ எந்த இடம் பிள்ளை?" என்று கேட்டார். தகரக் கூரையும் படகும் வரப்போகிறது என்று நான் கதவடியில் நின்றுவிட்டேன்.

"லீமா" என்றாள்.

"அங்கேயும் இப்படி வெக்கையா?"

"இல்லை. லீமாவில வெக்கை குறைவு."

அவ்வளவுதான். துணியைப் பிழிந்து மற்றக் கையைத் துடைக்கத் தொடங்கினாள். ஒக்டோபரில் சமையலறைப் பெண் கேட்டபோதும் லீமா என்றாள். ஆறாம் அறைக் கிழவர் காட்டுக் கதை சொல்லச் சொல்லிக் கேட்டபோது, அது மறந்துபோச்சு என்றாள். கிழவர் இரண்டு நாள் கோபமாக இருந்தார், பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

போன கிழமை உறைபனி விழுந்தது. காலையில் பஸ்ஸால் இறங்கி இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்தோம். தோட்டத்துப் புல்லெல்லாம் வெள்ளை. நான் வேண்டுமென்றே நடையைக் குறைத்தேன். அவள் குனிவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய கை பொக்கற்றுக்குள்ளேயே இருந்தது.

"வெள்ளை விழுந்திட்டுது" என்றேன். "உங்கட அம்மா இப்ப கிழங்கு பரப்புவாவோ?"

ஜூனில்தான் அங்கே அந்த வேலை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே பிழையாகக் கேட்டேன். திருத்துவாள், திருத்துகிற சாட்டில் தொடங்குவாள் என்று நினைத்தேன்.

"நான் லீமா அக்கா" என்றாள். "அங்க பனி விழாது."

அவள் குரலில் கோபமும் இல்லை, கவலையும் இல்லை. எனக்கு நன்றாகப் பழகிய குரல் அது. அப்பாவின் மேசையில், பாணைக் கடிக்க முதல், நான் தினமும் சொன்ன குரல். அவள் கதவைத் திறந்து நான் உள்ளே வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.